கிரகணத்தன்று நின்ற மூன்றாம் யூனிட்

அந்தக் கட்டுப்பாட்டு அறையில் அவளுக்கு ‘ஐம்பது’ என்று பட்டப்பெயர். வயதை வைத்து வந்ததல்ல. பெயர் வந்தபோது அவளுக்கு இருபத்தேழுதான் நடந்துகொண்டிருந்தது. நாட்டின் கம்பிகளில் ஓடும் மின்சாரத்துக்கு நாடித்துடிப்பு மாதிரி ஒன்று உண்டு. நொடிக்கு ஐம்பது முறை. ஊர் கேட்கிற மின்சாரமும் நிலையங்கள் தருகிற மின்சாரமும் சரிக்குச் சரியாக இருக்கும்வரை அது ஐம்பதிலேயே நிற்கும். தருவது குறைந்தால் இறங்கும், மிஞ்சினால் ஏறும். ரொம்ப நகர்ந்துவிட்டால் நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்றுகொண்டு ஊரே இருட்டாகிவிடும். அறையின் சுவரில் அந்த எண் சிவப்பு எழுத்தில் பெரிதாக எரிந்துகொண்டிருக்கும். மற்றவர்கள் அதை அவ்வப்போது பார்ப்பார்கள். அவள் சாப்பிடும்போதும் பார்ப்பாள், போனில் பேசும்போதும் பார்ப்பாள், யாரோடாவது சண்டை போடும்போதும் எதிராளியின் தலைக்கு மேலே அதைத்தான் பார்ப்பாள். ஒரு காலை யாரோ “எப்படி இருக்கீங்க மேடம்?” என்று மரியாதைக்குக் கேட்க, அவள் நிமிர்ந்து பார்த்து, “ஐம்பது” என்றாள். அன்றோடு ஒட்டிக்கொண்ட பெயர் அது.

சின்ன வயதிலிருந்தே ஓரிடத்தில் நிலைகொள்ளாத உடம்பு. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று வீட்டில் சொல்வார்கள். நாற்காலியில் எட்டு மணி நேரம் உட்கார வேண்டிய வேலை அப்படிப்பட்டவளுக்கு வாய்த்ததை நினைத்து அக்காவுக்குச் சிரிப்பு அடங்காது. ஆனால் அவள் உட்காரவே இல்லை. இருபத்தாறு வருஷமாக அந்த அறையில் நின்றபடிதான் வேலை பார்த்தாள். அவள் நாற்காலியில் மற்றவர்கள் பையை வைத்தார்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எப்போதும் பற்றாக்குறை. நாலைந்து அனல் மின்நிலையங்கள், இரண்டு அணைகள், அவ்வளவுதான். ஊர் வளர்ந்த வேகத்துக்கு மின்சாரம் வளரவில்லை. துணைமின்நிலையங்களுக்குப் போன் போட்டு, இன்ன பகுதியை இன்னும் ஒரு மணி நேரத்துக்கு வெட்டு என்று சொல்வதுதான் அவள் பார்த்த முதல் பத்து வருஷ வேலை. ஒருநாள் ஒரு துணைமின்நிலையத்துக்காரர், “உங்க குரல் கேட்டாலே கை தானா சுவிட்சுக்குப் போகுது மேடம்” என்றார். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். அவளுக்கு அன்று முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை. கடையில், பேருந்தில், மருத்துவமனை வரிசையில் எங்கே பார்த்தாலும் பவர் கட் போடுகிறவர்களை ஜனங்கள் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருப்பார்கள். எங்கே வேலை என்று கேட்டால், “ஒரு கவர்மென்ட் ஆபீஸ்ல” என்று சொல்லி நழுவிவிடுவாள்.

பிறகு காற்றாலைகள் வந்தன. அதற்கப்புறம் சூரிய மின்சாரம். முதலில் விளையாட்டுச் சாமான் என்று எல்லோரும் சிரித்தார்கள். நாலு வருஷத்தில் ஒன்றுக்கும் உதவாத பொட்டல்காடுகளெல்லாம் நீலப் பலகையாக மாறின. ஒருநாள் நண்பகலில் நாட்டின் பாதி மின்சாரம் சூரியனிடமிருந்து வந்தது. தலைமைப் பொறியாளர் அறைக்கு வந்து எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்தார். பவர் கட் ஒழிந்தது. அவளும் சந்தோஷப்பட்டாள். இனி யாரையும் வெட்டச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தாள்.

ஆனால் பழைய கவலை வாசல்வழியாகப் போனதும் புதிய கவலை சன்னல்வழியாக வந்து உட்கார்ந்துகொண்டது. நிலக்கரி சொன்ன பேச்சைக் கேட்கும், கொஞ்சம் மெதுவாகக் கேட்கும். சூரியன் யார் பேச்சையும் கேட்காது. மதியம் வேண்டிய மட்டும் கொட்டும். ஐந்து மணிக்குச் சரசரவென்று இறங்கும், அதே நேரத்தில் வீடுகளில் விளக்கு, அடுப்பு, மின்விசிறி எல்லாம் ஏறும். நடுவில் ஒரு மேகம் வந்தால் கேட்கவே வேண்டாம். அவள் மணிக்கொரு தடவை மாடிப்படி ஏறி மொட்டை மாடிக்குப் போய் வானத்தைப் பார்த்துவிட்டு வருவாள். திரையில் வானிலைக் கணிப்பு இருக்கிறதே என்று காற்றாலை மேசையில் இருந்த சக பொறியாளர் கேட்டால், “அது நேத்து போட்ட கணக்கு. வானம் இன்னிக்குப் போட்டுக்கிட்டிருக்கு” என்பாள்.

வீட்டில் அவள் கணவர் அதற்கு நேர்மாறான ஆள். பல் மருத்துவர்களுக்குப் பீங்கான் பல் செய்து கொடுக்கும் தொழில். வீட்டின் முன்னறையிலேயே மேசை, விளக்கு, மிக்சி அளவுக்கு ஒரு சின்ன மின் உலை. ஒரே ஒரு கடைவாய்ப் பல்லை வைத்துக்கொண்டு அரை நாள் அசையாமல் உட்கார்ந்திருப்பார். விடுமுறை நாளில் அவள் வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்து மேகம் பார்ப்பதைக் கண்டு, “ஒரு ஆள் நின்னு பார்க்கறதால அது கலைஞ்சிடுமா?” என்று மட்டும் கேட்பார். பிறகு பல்லுக்குத் திரும்பிவிடுவார்.

இந்தக் கதையில் இன்னொரு முக்கியமான ஆள் அவளுடைய அக்காவின் கணவர், அவள் வாய்க்கு அத்தான். நாட்டின் மிகப் பழைய அனல் நிலையத்தில் மூன்றாம் யூனிட்டின் கொதிகலனை இயக்கும் மேசை அவருடையது. முப்பது வருஷம். இவள் உத்தரவு போடும் இடம், அவர் உத்தரவை வாங்கும் இடம். இரண்டுக்கும் நடுவில் ஒரு போன். அந்தப் போனில் பேசுவதெல்லாம் பதிவாகும் என்பதால் இருவரும் அங்கே சொந்தக்காரர்கள் இல்லை. அவர் “சொல்லுங்க மேடம்” என்பார். அவள் “சார், மூணாவது யூனிட்டை நூத்திப்பத்துக்கு இறக்குங்க” என்பாள். ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனால் அவரே, “நீ என்னம்மா, என் பாய்லரை ஃபேன் ரெகுலேட்டர்னு நினைச்சுட்டியா?” என்று ஆரம்பிப்பார்.

அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. வருஷக்கணக்கில் ஒரே அளவில் ஓடுவதற்காகக் கட்டப்பட்ட கொதிகலன் அது. இப்போது தினமும் காலையில் இறக்கு, மாலையில் ஏற்று என்றால் உள்ளே இருக்கும் குழாய்கள் சூடேறி விரிந்து, ஆறிச் சுருங்கி, மறுபடி விரிந்து, கடைசியில் எங்காவது விரிசல் விடும். ஒரு வருஷத்தில் நாலு முறை விட்டது. ஒவ்வொரு முறையும் சரிசெய்து ஓட்டினார்கள். அடுத்த வருஷம் மூடப்போகும் நிலையங்களின் பட்டியலில் மூன்றாம் யூனிட் முதலாவதாக இருந்தது. அந்தப் பட்டியல் தயாரானபோது, எந்த யூனிட் உத்தரவுக்கு எவ்வளவு தாமதமாகக் கீழ்ப்படிகிறது என்ற விவரத்தைக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து கேட்டார்கள். எழுதிக் கொடுத்தவள் இவள்தான். உள்ளதை உள்ளபடி எழுதினாள். மூன்றாம் யூனிட்தான் எல்லாவற்றிலும் மந்தம். அத்தானுக்கு அது தெரியும். தெரிந்தது என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. அதுதான் அவளை இன்னும் அரித்தது.

அப்படி இருக்கும்போதுதான் சூரிய கிரகணம் வருவதாகச் செய்தி வந்தது. காலை ஒன்பது இருபதுக்குத் தொடக்கம், பத்து நாற்பதுக்கு உச்சம், பன்னிரண்டு ஐந்துக்கு முடிவு. பத்தில் ஒன்பது பங்கு சூரியன் மறையும். பள்ளிக்கூடங்களில் கறுப்புக் கண்ணாடி கொடுத்தார்கள், தொலைக்காட்சியில் நாள் முழுக்க அதே பேச்சு. அவளுக்கு மட்டும் அது வானத்து வேடிக்கையாகத் தெரியவில்லை. ஆறாயிரம் மெகாவாட் ஒரு மணி இருபது நிமிஷத்தில் காணாமல் போய், அதே வேகத்தில் திரும்பி வந்து மோதப்போகிறது.

ஆறு வாரம் திட்டம் போட்டாள். அணைகளில் தண்ணீரைச் சேர்த்து வைக்கச் சொன்னாள். எரிவாயு நிலையங்களைத் தயாராக இருக்கச் சொன்னாள். அண்டை நாட்டோடு இருந்த இணைப்பில் எவ்வளவு தருவார்கள் என்று எழுதி வாங்கினாள். மூன்றாம் யூனிட்டையும் முழு அளவுக்கு ஏற்றி வைப்பது என்று முடிவாயிற்று. அந்த ஞாயிறு அக்கா வீட்டில் அத்தான் முகத்தில் பல நாளைக்கப்புறம் வெளிச்சம். “கடைசியில கிழவனைத்தானே கூப்பிடறீங்க” என்றார். யாரைச் சொல்கிறார், தன்னையா யூனிட்டையா என்று அவள் கேட்கவில்லை. அவருக்கு இன்னும் இரண்டு தடவை சோறு போட்டுக்கொள்ள வேண்டும்போல இருந்தது, போட்டுக்கொண்டார்.

கிரகண நாள் காலை அறையில் பதினோரு பேர். வழக்கமாக ஐந்து பேர்தான். தலைமைப் பொறியாளர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பின்னால் நின்றார். ஒன்பது இருபதுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒன்பது நாற்பதுக்குத் திரையில் சூரிய மின்சாரத்தைக் காட்டும் மஞ்சள் கோடு இறங்க ஆரம்பித்தது. அணைகளைத் திறந்தாள், எரிவாயுவை ஏற்றினாள். அத்தானின் யூனிட் இருநூறு மெகாவாட்டில் மலைபோல் நின்றது. ஜனங்கள் கடையையும் இயந்திரத்தையும் அணைத்துவிட்டுத் தெருவுக்கு வந்துவிட்டதால் எதிர்பார்த்ததைவிடத் தேவை குறைந்தது. எண் கொஞ்சம் ஏறியது, அணையை மூடி இறக்கினாள். பத்து நாற்பதுக்குச் சன்னல் பக்கம் வெளிச்சம் சாம்பல் நிறமாகிப் பறவைகள் குழம்பிக் கத்தின. அறையில் யாரோ எழுந்து ஓடிப் பார்த்துவிட்டு வந்தார்கள். அவள் பார்க்கவில்லை. சுவரில் நாற்பத்தொன்பது புள்ளி தொண்ணூற்றேழு.

மஞ்சள் கோடு திரும்பி ஏறத் தொடங்கியதும் அறையில் மூச்சு விடும் சத்தம் கேட்டது. தலைமைப் பொறியாளர் அவள் தோளைத் தட்டப்போனார். அவள் அதற்குள் மாடிப்படிக்கு ஓடியிருந்தாள். மொட்டை மாடியில் நின்று பார்த்தபோது, மேற்கே, நீலப் பலகைகள் அதிகமாக இருக்கும் பக்கம், மேகம் திரண்டுகொண்டிருந்தது. கணிப்பில் அது மூன்று மணிக்குத்தான் வர வேண்டும். கிரகணத்தில் நிலம் ஆறியதால் முன்னால் வந்ததா, வேறு காரணமா என்று பிறகு ஒரு பேராசிரியர் பத்துப் பக்கம் எழுதினார். அவளுக்கு அப்போது தெரிந்ததெல்லாம் சூரியன் திரும்பி வரும் வழியில் யாரோ கதவைச் சாத்துகிறார்கள் என்பதுதான்.

கீழே இறங்கி வந்தபோது மஞ்சள் கோடு பாதி ஏறி நின்றுவிட்டிருந்தது. வேடிக்கை பார்த்து முடித்த ஊர் உள்ளே போய் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டது. அணைகளில் விட வேண்டிய தண்ணீரை ஏற்கெனவே விட்டாகிவிட்டது. எரிவாயு முழு அளவில். அண்டை நாட்டில் இன்னும் கொஞ்சம் கேட்டாள். கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். சுவரில் நாற்பத்தொன்பது புள்ளி எண்பத்தொன்று. எழுபத்தெட்டு.

பதினொன்று இருபத்தெட்டுக்குப் போன் அடித்தது. மூன்றாம் யூனிட்.

“மேடம், பாய்லர்ல லீக் இருக்கு” என்றார் அத்தான். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. “டியூப்தான். சத்தம் கேக்குது, தண்ணி கூடுதலா இழுக்குது. தகவலுக்குச் சொல்றேன். லோடு இருநூறுல நிக்குது.”

ஒரு குழாயில் கசிவு விழுந்தால் உடனே ஒன்றும் ஆகிவிடாது. சில சமயம் ஒரு நாள் முழுக்க ஓட்டுவார்கள். ஆனால் உள்ளே பீய்ச்சும் நீராவி பக்கத்துக் குழாய்களை அறுக்கும். அறுபட்ட குழாய் எப்போது வெடிக்கும் என்று சொல்ல முடியாது. வெடித்தால் கதவிடுக்குகள் வழியாக நெருப்பும் நீராவியும் வெளியே வரும். அந்தத் தளத்தில் எந்நேரமும் ஆட்கள் இருப்பார்கள். லீக் என்றால் அத்தான் தன் மேசையில் உட்கார்ந்திருக்க மாட்டார், நேரில் போய்க் காதை வைத்துக் கேட்பார் என்று அவளுக்குத் தெரியும். போன முறை அப்படிப் போய்த்தான் முழங்கை வெந்து, அக்கா இரண்டு வாரம் களிம்பு போட்டாள்.

கால் மணி நேரம். கால் மணி நேரம் அந்த யூனிட் தாங்கினால் போதும், அண்டை நாட்டு மின்சாரம் வந்துவிடும், யாருக்கும் ஒன்றும் தெரியாது. தாங்க முடியுமா என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்டால் அவர் முடியும் என்றுதான் சொல்வார். பட்டியலில் பேர் எழுதப்பட்ட மனிதர், எல்லோரும் பார்க்கிற நாளில், முடியாது என்று சொல்ல மாட்டார்.

அவள் வாய் திறந்தது.

“அத்தான், நிறுத்துங்க.”

அவர் மெதுவாக, “லோடு நிக்குது மேடம்” என்றார்.

“தெரியும் சார். ரெண்டு நிமிஷம் குடுங்க, இங்க மூணு ஏரியாவை ஆஃப் பண்ணிட்டுச் சொல்றேன். சொன்னதும் டிரிப் பண்ணுங்க. ஆளுங்களை எல்லாம் அந்தத் தளத்துலேருந்து இறக்குங்க. நீங்களும் போகாதீங்க.”

பிறகு அவள் மூன்று துணைமின்நிலையங்களுக்குப் போன் போட்டாள். ஐந்து வருஷமாக யாருக்கும் போடாத போன். மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த பழைய மின்வெட்டு முறைப் பட்டியலில் அன்றைக்கு யார் முறையோ அந்த மூன்று இடங்கள். மூன்றாவது அவள் குடியிருந்த பகுதி. தாண்டிப் போய் நாலாவதைச் சொல்லியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவள் மூன்றாவதையே சொன்னாள். “வெட்டுங்க” என்ற சொல் வாயில் வரும்போது பழைய நாள் பூராவும் சேர்ந்து வந்தது.

மூன்றாம் யூனிட் நின்றது. எண் நாற்பத்தொன்பது புள்ளி அறுபத்தாறு வரை இறங்கி, அங்கேயே நடுங்கிக்கொண்டு நின்று, ஏறத் தொடங்கியது. பதினோரு நிமிஷம் கழித்து எல்லோருக்கும் மின்சாரம் திரும்பியது. தலைமைப் பொறியாளர் மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். காற்றாலை மேசைக்காரர் மட்டும் ஒரு குவளைத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அவள் குடிக்கவில்லை, நடந்துகொண்டே இருந்தாள்.

மாலை வீட்டுக்குப் போனால் முன்னறையில் கணவரோடு ஒரு பெரியவர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்காகச் செய்த முன்பற்கள் நான்கு, உலையில் வெந்துகொண்டிருந்தபோது மின்சாரம் போய், குமிழி விட்டுப் பாழாகிவிட்டன. மறுநாள் அவருக்குப் பேரன் பேத்திகளோடு குடும்பப் படம் எடுக்க ஏற்பாடாம். “எந்தப் புண்ணியவான் இன்னிக்குப் பார்த்து கரண்ட்டைப் புடுங்கினானோ, அவனுக்கும் நாலு பல்லு விழணும்” என்றார் அவர், பல் இல்லாத வாயால். கணவர் நிமிர்ந்து அவளைப் பார்த்துவிட்டுச் சட்டென்று உலைப்பக்கம் குனிந்துகொண்டார். அவள் பெரியவருக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தாள். கணவர் மறுநாள் விடியற்காலையிலிருந்து உட்கார்ந்து புதுப் பல் செய்து கொடுத்து அனுப்பினார்.

விசாரணை நாலாம் நாள் தொடங்கியது. மூன்று பேர், ஒரு நீண்ட மேசை, ஒரு ஒலிபெருக்கி. அன்றைய பேச்சுப் பதிவை முழுதும் போட்டார்கள். சார், மேடம், சார், மேடம் என்று ஓடிக்கொண்டிருந்த பதிவில் அந்த ஒரு சொல் மட்டும் துருத்திக்கொண்டு நின்றது. அதைத் திரும்பப் போடச் சொன்னார் நடுவில் இருந்த அம்மையார். மறுபடி “அத்தான், நிறுத்துங்க.” அவளுக்குக் காது சுட்டது.

ஐந்து வருஷமாக ஒரு நிமிஷமும் அணையாத ஊரை அணைத்ததற்கு அரசாங்கம் பதில் சொல்ல வேண்டியிருந்தது. சூரியனை நம்பினால் இப்படித்தான் என்று ஒரு கூட்டம், மூட வேண்டிய பழைய கொதிகலனை நம்பியதுதான் தப்பு என்று இன்னொரு கூட்டம், பத்திரிகையில் அடித்துக்கொண்டது. விசாரணைக்காரர்களுக்கு வேண்டியது ஒரே விஷயம். நின்று போன யூனிட்டை இன்னும் கால் மணி நேரம் ஓட்டியிருக்க முடியுமா? கொதிகலனைத் திறந்து பார்த்த நிபுணர், ஐந்து குழாய்கள் காகிதமாகத் தேய்ந்திருந்தன என்றார். எவ்வளவு நேரம் தாங்கியிருக்கும் என்று கேட்டதற்கு, பத்து நிமிஷமும் இருக்கலாம், இரண்டு நாளும் இருக்கலாம், எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னால் நான் போட மாட்டேன் என்றார்.

நடுவில் இருந்த அம்மையார் அவளைப் பார்த்துக் கேட்டார்: “அந்த மேசையில வேற யாராவது இருந்திருந்தா நிறுத்தச் சொல்லியிருப்பீங்களா?”

அவள் அதை நாலு நாளாகத் தனக்குத்தானே கேட்டுக்கொண்டிருந்தாள். குளிக்கும்போது, பேருந்துக்கு நிற்கும்போது, கணவர் எதிரில் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது. சொல்லியிருப்பேன் என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம்.

“சொல்லியிருப்பேன்” என்றாள். “ஆனா, எவ்வளவு நேரம் தாங்கும்னு முதல்ல கேட்டிருப்பேன். இவர்கிட்ட அதைக் கேக்கலை. கேட்டா என்ன பதில் வரும்னு எனக்குத் தெரியும். அது பொய்யான பதிலா இருக்கும்.”

அம்மையார் அதை எழுதிக்கொண்டார். தீர்ப்பில் அவள் குற்றவாளி என்றும் இல்லை, சரியாகச் செய்தாள் என்றும் இல்லை. உறவினர் பணிபுரியும் நிலையத்துக்கு உத்தரவிடும் மேசையில் அவள் இருந்திருக்கக் கூடாது என்று ஒரு வரி. அவளைக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து எடுத்து, வானிலைக் கணிப்புப் பிரிவில் போட்டார்கள்.

மூன்றாம் யூனிட்டை யாரும் சரிசெய்யவில்லை. எப்படியும் அடுத்த வருஷம் மூடப்போவதுதானே, ஐந்து குழாய்க்கு எதற்குச் செலவு என்று விட்டுவிட்டார்கள். அவள் சொன்ன சொல்லோடு நின்றது, பிறகு ஓடவே இல்லை.

அத்தான் அவளோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். அக்கா நடுவில் மாட்டிக்கொண்டு தவித்தாள். வாரம் ஒருமுறை போன் செய்து ஊர்க்கதை எல்லாம் பேசுவாள், அத்தான் எப்படி இருக்கிறார் என்று கேட்டால் மட்டும், “இருக்கார்” என்பாள். ஒருநாள் தாங்காமல், “நீ அவரைக் காப்பாத்தினேன்னு நான் நினைக்கறேன். அவர் நீ அவரை அவமானப்படுத்தினேன்னு நினைக்கறார். நான் யாருக்குன்னு சோறு வடிக்க?” என்று அழுதாள். அவரைக் காப்பாற்றத்தான் சொன்னோமா, அவரைப்பற்றி எழுதிக்கொடுத்த அந்தக் காகிதத்துக்குப் பரிகாரமாகச் சொன்னோமா என்றுகூட அவளுக்கே நிச்சயமாகத் தெரியவில்லை.

கணிப்புப் பிரிவில் யாரும் அவளிடம் அவசரப்படச் சொல்லவில்லை. அதுவே பெரிய கொடுமையாக இருந்தது. இரண்டு மாதம் சன்னலோரம் நடந்து தீர்த்தாள். பிறகு ஒருநாள் தானே ஒரு மனு எழுதினாள். நீலப் பலகைக் காடுகள் ஒவ்வொன்றிலும் வானத்தைப் பார்த்தபடி ஒரு கேமரா வைக்க வேண்டும், மேகம் வருவது அரை மணிக்கு முன்னால் தெரிய வேண்டும் என்று. வைக்க அனுமதி வந்ததும் அவளே புறப்பட்டாள். ஒரு ஜீப், ஒரு ஓட்டுநர், பின்னால் இருபத்திரண்டு கேமரா. வெயிலில் கறுத்து, கால் வெடித்து, பொட்டல் பொட்டலாக அலைந்தாள். ஓட்டுநர் சாப்பிட நிறுத்தலாமா என்று கேட்டால், மேற்கே பார்த்துவிட்டு, அடுத்த இடத்துக்கு விடச் சொல்வாள். வீட்டுக்கு வாரம் ஒருமுறைதான் வருவாள். கணவர் அவள் நடக்காத வீட்டில் வேலை ஓடவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார்.

பதினெட்டாவது கேமராவை வைக்க வேண்டிய இடம் அந்தப் பழைய அனல் நிலையத்துச் சாம்பல் மேடு. மேட்டைச் சமன்படுத்திப் பலகைகள் போட்டிருந்தார்கள். பக்கத்தில், கம்பிகள் வந்து சேரும் முற்றத்தில், லாரிப் பெட்டி மாதிரி நாற்பது வெள்ளைப் பெட்டிகள். பேட்டரி நிலையம். பகலில் மிஞ்சும் சூரிய மின்சாரத்தை வாங்கி வைத்துக்கொண்டு மாலையில் திருப்பித் தரும். பழைய நிலையத்து ஆட்கள் சிலரை அங்கே மாற்றியிருந்தார்கள். யாரை என்று அக்கா சொல்லியிருந்தாள். தெரிந்துதான் போனாள்.

அத்தான் இளைத்திருந்தார். புதுச் சீருடை தோளில் தொங்கியது. அவளைப் பார்த்ததும் திரும்பிப் போகவில்லை, வாவென்றும் சொல்லவில்லை. ஏணியைப் பிடித்துக்கொண்டார். அவள் ஏறிக் கம்பத்தில் கேமராவை முடுக்கினாள். இறங்கியதும் அவரே பெட்டி வரிசைக்கு நடுவில் நடக்கத் தொடங்க, அவளும் கூடப் போனாள்.

“ஒரு நொடியில ஏறுது, ஒரு நொடியில இறங்குது” என்றார், அவளைப் பார்க்காமல். “நான் எதுக்குன்னு தெரியல. சத்தம் இல்லை, சூடு இல்லை. எதைக் காதுல வெச்சுக் கேக்கறது?”

மூடும் பட்டியலுக்கு விவரம் எழுதிக் கொடுத்தது தான்தான் என்று அவள் சொன்னாள். இத்தனை நாள் சொல்லாமல் வைத்திருந்தது அது.

“உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா?” என்றார் அவர். “எழுதினது சரிதான். மந்தம்தான். அதுக்கு எனக்குக் கோபம் இல்லை. நான் லீக்குன்னு சொன்னேன், நிறுத்தவான்னு நான் கேக்கலை. முப்பது வருஷம் ஓட்டினவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் நீ.”

“கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க அத்தான்?”

அவர் நின்றார். ஒரு பெட்டியின் கதவை இழுத்துப் பார்த்தார், பூட்டியிருந்தது, விட்டார். “தாங்கும்னு சொல்லியிருப்பேன்” என்றார். கொஞ்சம் கழித்து, “தெரிஞ்சா சொல்லியிருப்பேன்? தெரியாமத்தான்” என்று தானே சேர்த்துக்கொண்டார்.

இருவரும் வேலி வரை போய்த் திரும்பினார்கள். அவர் கோபம் தீர்ந்துவிட்டதாகச் சொல்லவில்லை. இன்னும் இருக்கிறது என்றுதான் சொன்னார். ஆனால் அக்கா சமைத்துவிட்டாள், மத்தியானம் வந்து சாப்பிட்டுவிட்டுத்தான் அடுத்த ஊருக்குக் கிளம்ப வேண்டும், ஓட்டுநரையும் கூப்பிட்டுக்கொள் என்றார். போனாள்.

அடுத்த மாதம் அவள் கட்டுப்பாட்டு அறைக்கு ஒரு கோரிக்கை அனுப்பினாள். எந்த நிலையத்திலிருந்தும் கசிவு என்று தகவல் வந்தால், எவ்வளவு நேரம் தாங்கும் என்று கட்டுப்பாட்டு அறை கேட்கவும் கூடாது, தாங்கச் சொல்லவும் கூடாது. இயக்குகிறவரும், அவரைச் சாராத ஒரு பாதுகாப்பு அதிகாரியும் சேர்ந்து முடிவெடுத்துச் சொல்ல வேண்டும் என்று அரைப் பக்கம். மனு ஐந்து மேசை ஏறி இறங்கி, எட்டு மாதம் கழித்து விதியாக வந்தது. அதற்குள் நாட்டில் மீதமிருந்த கொதிகலன்கள் பதினான்கு.

விதி வந்த வாரம் தலைமைப் பொறியாளர் அவளைக் கூப்பிட்டு, பழைய மேசைக்குத் திரும்புகிறாயா என்று கேட்டார். அத்தான் இப்போது பேட்டரி நிலையத்தில்தானே, அதற்கு உத்தரவு கணினியே போடுகிறது, தடையில்லை என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வெளியே வந்தாள். அவள் பையில், இரண்டாம் தவணையாக வந்த கேமராக்களில் இரண்டு மீதி இருந்தன, வடக்கே இரண்டு பொட்டல் பாக்கி. ஓட்டுநர் ஜீப்பை வாசலில் போட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். சன்னலைத் தட்டி எழுப்பி, முதலில் அந்த இரண்டையும் முடித்துவிடலாம், வழியில் மழை பிடித்துக்கொள்ளும்போல இருக்கிறது என்று சொல்லி ஏறி உட்கார்ந்தாள்.